6, 7-ஆம் வகுப்புக்கு உலக வரலாறு: கையால் செய்து படிக்க எது உதவும், எது வெறும் கைவேலை?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
பாலக்காடு ஜில்லா, தமிழ் மீடியம் யூ.பி. ஸ்கூல். ஒரு டிவிஷனில் 42 பிள்ளைகள். 40 நிமிஷப் பீரியட். கெஞ்சிக் கேட்டால் அடுத்தடுத்து ரெண்டு கிடைக்கும். செலவு ஒரு வகுப்புக்கு 500 ரூபாய்க்குள் நிற்கணும்.

மெசபடோமியா, எகிப்து, ரோம் வணிகம், அச்சு. இந்த நாலுக்கும் என்ன செய்யலாம்? தெர்மோகோல் பிரமிடு வேண்டாம். அது அப்பா ராத்திரி உட்கார்ந்து ஒட்டி அனுப்புவது. பிள்ளைக்கு மிஞ்சுவது அதை பஸ்ஸில் நசுங்காமல் கொண்டு வருகிற வேலை மட்டும்தான்.

நகரி சோஷியல்:
மாஷ், ஒரே ஒரு நிபந்தனை வச்சுக்குங்க. வேலை முடிஞ்சதும் பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். செஞ்சு பார்க்காம அந்தப் பதில் கிடைச்சிருக்கக் கூடாது. இல்லைன்னா அது டிராயிங் பீரியட்.

மெசபடோமியான்னதும் எல்லாரும் “உன் பேரை ஆப்பெழுத்தில் (ஈர மண்ணில் அழுத்தி எழுதின அந்த ஊர் எழுத்து) எழுது”ன்னு ஒரு சார்ட்டைக் கொடுக்கிறாங்க. அந்தச் சார்ட்டே தப்பு. ஆப்பெழுத்து நம்ம அகரவரிசை மாதிரி கிடையாது. ஒரு குறி ஒரு சொல்லையோ ஓர் அசையையோ குறிக்கும். பேருக்கு முன்னாடி கணக்கை எடுங்க. எழுத்து அங்கே கணக்கில்தான் பிறந்தது.

செய்முறை: முந்தின நாளே களிமண்ணில் கோலிக்குண்டு அளவு உருண்டை, சின்னக் கூம்பு ரெண்டும் செஞ்சு காய வச்சிடணும். உருண்டை ஒரு மூட்டை பார்லி, கூம்பு ஒரு ஆடுன்னு வகுப்பே முடிவு பண்ணட்டும். மறுநாள் ஆறு குழு. குழுவுக்கு 300 கிராம் மண். ஆரஞ்சுப் பழ அளவுக்குக் கிண்ணம் மாதிரி குழிச்சு, காஞ்ச உருண்டை, கூம்பு வில்லைகளில் ஏழெட்டை உள்ளே போட்டு, வாயை மூடி, மூட்டின இடத்தில் குழைச்ச மண்ணைத் தடவணும். சுவர் ஒரு செ.மீ. கனம் இருக்கட்டும், அதுக்கு மெலிஞ்சா பிளக்கும். முக்கியமா, வில்லை ஈரமா இருந்தா உள்ளே சுவரோட ஒட்டிக்கும், அப்புறம் குலுக்கினாலும் சத்தம் வராது.

இப்ப பந்தை வேற குழுவுக்கு அனுப்புங்க. “இதில் எத்தனை ஆடு, எத்தனை மூட்டை? உடைக்காம சொல்லு.” குலுக்கிப் பார்ப்பாங்க, சண்டை வரும், ஏமாத்திட்டாங்கன்னு புகார் வரும். அஞ்சாறு நிமிஷத்தில் ஒரு பிள்ளையாவது, மூடுறதுக்கு முன்னாடி வில்லையை வெளிப்பக்கம் அழுத்தி அடையாளம் வச்சா போதுமேன்னு சொல்லும். அடுத்த கேள்வி உங்களுது: “வெளியே அடையாளம் இருந்தா உள்ளே வில்லை எதுக்கு?” அத்தோட பந்து தட்டையாகிப் பலகை ஆயிடுச்சு. கி.மு. 3500-ஐ ஒட்டி இப்படி மூடின மண் பந்துகள் கிடைக்குது. கி.மு. 3300 வாக்கில் ஊருக் நகரத்தில் எழுத்துப் பலகைகள் வந்திடுது. பந்திலிருந்து பலகைங்கிற இந்த வரிசையில் எல்லா ஆய்வாளரும் முழுசா ஒத்துப்போகலை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

பலகைக்கு ஆளுக்கு 200 கிராம், 8 க்கு 6 செ.மீ., ரெண்டு செ.மீ. கனம். 42 பேருக்கு சேதாரம் சேர்த்து 10 கிலோ. செங்கல் சூளையில் கேட்டா சும்மாவே கொடுப்பாங்க, ஆனா மணல் கலந்திருக்கும். பென்சில் கனத்துக்குத் திரிச்சு விரலில் சுத்திப் பாருங்க, வெடிச்சா மணல் அதிகம். நல்ல மண்ணை ராத்திரி முழுக்க ஈரக் கோணிச்சாக்கில் சுத்தி வைக்கணும்.

எழுதுகோலில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறது. தென்னை ஈர்க்கு உதவாது, கோடு விழுமே தவிர ஆப்பு விழாது. மூங்கில் பட்டையை 15 செ.மீ. நீளம், 8 மி.மீ. அகலத்துக்குச் சீவி, முனையைச் சதுரமா வெட்டுங்க. ஐஸ் குச்சின்னா வட்ட முனையை நறுக்கிடணும். மூலையைச் சாய்ச்சு வச்சு அழுத்தி எடுக்கணும். இழுத்தா மண் சுருண்டு வரும். கோலில் மண் ஒட்டினா மண்ணில் தண்ணி அதிகம், பத்து நிமிஷம் காத்தாட விடுங்க.

எண் எழுதுறது இப்படி: நேர் ஆப்பு (நேரா நிக்கிறது) ஒன்று, மூலை ஆப்பு (‘<’ மாதிரி) பத்து, அறுபதுக்கு மறுபடி நேர் ஆப்பு. வருகைப் பதிவு 42-ன்னா நாலு மூலை, ரெண்டு நேர். அப்புறம் 75 எழுதச் சொல்லுங்க. ஒரு நேர், ஒரு மூலை, அஞ்சு நேர். பக்கத்துப் பையன் அதை 16-ன்னு படிப்பான். இடைவெளி விடாட்டி என்ன ஆகும்னு அந்த ஒரு எண்ணிலேயே தெரிஞ்சிடும்.

தேவிகுளம் டீச்சர்:
சார் சொன்ன பந்து வேலை அருமை. ஆனால் எங்கள் மலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எதுவும் காயாது. பலகை ஐந்து நாள் ஆனாலும் நடுவில் ஈரம் இருக்கும், மேலே பூசணம் பூக்கும். சத்துணவுச் சமையல்கட்டின் சுவரோரம் வைக்கலாம். அடுப்பின் மேல் வைக்கக் கூடாது: ஓரம் முதலில் சுருங்கும், நடு சுருங்காது, விளிம்பில் வெடிப்பு ஓடும். நியூஸ் பேப்பர் மேல் வைத்துத் தினம் ஒரு முறை புரட்டிப் போட்டால் வளையாது.

காய்ந்த பலகைகளில் இரண்டைக் குயவர் சூளையில் போட்டு வாங்குங்கள். சுட்டதையும் சுடாததையும் ஒரே பக்கெட் தண்ணீரில் போட்டால், பீரியட் முடிவதற்குள் சுடாதது சேறாகிவிடும். கி.மு. 612-இல் அசீரியத் தலைநகர் நினிவே எரிந்தபோது அங்கிருந்த பலகைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போது கேளுங்கள். ஓலையும் தாளும் சாம்பலாகும் தீயில் மண் பலகை கெட்டிப்படுகிறது. சமையல் அடுப்பில் சுட்டால் போதாது. 600 டிகிரியாவது ஏற வேண்டும், இல்லையென்றால் மறுபடி கரையும். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளே ஆவி கட்டி வெடித்துச் சிதறும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். எகிப்துக்கு மம்மி செய்வது எப்படி? ஆப்பிளை உப்பில் போடச் சொல்கிறார்கள்.

தேவிகுளம் டீச்சர்:
ஆப்பிள் எதற்கு மாஷே, வெள்ளரிக்காயோ சௌசௌவோ போதும். 50 கிராம் துண்டுகள். எகிப்தியர் பயன்படுத்திய நேட்ரான் என்பது சோடியம் கார்பனேட், பைகார்பனேட், கொஞ்சம் உப்பு கலந்த இயற்கைக் கலவை. நமக்குச் சலவை சோடா, ஆப்ப சோடா, கல் உப்புப் பொடி மூன்றும் சம அளவு. ஒரு துண்டுக்கு 200 கிராம் கலவை, துண்டு முழுக்கப் புதைய வேண்டும். ஒரு துண்டை வெறும் உப்பில், இன்னொன்றை எதுவும் போடாமல் வையுங்கள். தினமும் எடை பார்த்துப் பதிவு செய்ய நகைக்கடைத் தராசு போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும். மூன்றாம் நாள் கலவை கட்டி தட்டியிருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதிலேயே விட்டால்தான் நாற்றம் எடுக்கும். சலவை சோடா கையைக் கடிக்கும், கரண்டியால்தான் அள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் இதைத் தொடாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியும். காய்க்கு எங்கே உறிஞ்சப் போகிறது? டிசம்பர், ஜனவரியில் உங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறட்டுக் காற்று அடிக்குமே, அப்போது செய்யுங்கள். கேள்வி இதுதான்: எகிப்தில் சாதாரண ஏழையைப் பாலை மணலில் புதைத்தபோதும் உடல் கெடாமல் இருந்தது எப்படி? எடைக் கணக்கை வைத்திருக்கும் பிள்ளை தானே சொல்லும்.

குப்பம் பாலாறு:
எகிப்துக்கே இன்னொண்ணு. 12 முடிச்சுக் கயிறு. சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு 3, 4, 5-ன்னு இழுத்தா செங்கோணம். பிரமிடு மூலையை அப்படித்தான் பிடிச்சாங்க. கிரவுண்டில் செஞ்சா பிள்ளைகளுக்குக் குஷி.

புளியரை கணக்கு:
செங்கோணம் சரியா வரும். பிரமிடு மூலையை “அப்படித்தான் பிடிச்சாங்க”ன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. எகிப்தியர் கயிறு பிடிச்சு நிலம் அளந்ததுக்குச் சுவரோவியம் இருக்கு. 3-4-5 முடிச்சில் செங்கோணம் எடுத்ததுக்கு நேரடிச் சான்று கிடையாது. பிற்காலத்தில் ஒருத்தர் யூகிக்க, புத்தகம் புத்தகமா பரவிட்டது. பிள்ளைகளிடம் அதையே கேள்வியா வைக்கலாம்: இந்த முறை நடக்குதுங்கறதால அவங்க இதைச் செஞ்சாங்கன்னு ஆயிடுமா?

செய்யும்போது கவனம்: நைலான் கயிறு இழுத்தா நீளும், முடிச்சும் நீளத்தைத் தின்னும். சணல் கயிறில் மார்க்கர் பேனாவால் 50 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்க, முடிச்சே வேண்டாம். மொத்தம் 6 மீட்டர். வந்த மூலையைக் கொத்தனாரின் மூலைமட்டத்தை வச்சுச் சரிபார்க்கணும்.

எகிப்துன்னா நான் எரட்டோஸ்தனிஸைத்தான் எடுப்பேன். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர், கி.மு. 240 வாக்கில். கோடையில் சூரியன் உச்சிக்கு வர்ற நாளில் தெற்கே சையீனில் நடுப்பகலில் நிழல் இல்லை. அலெக்சாந்திரியாவில் 7.2 டிகிரி, அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ரெண்டு ஊருக்கும் தூரம் 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு). ஆகப் பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. இதைச் செய்ய ரெண்டு ஊர் வேணும். இந்த இழையிலேயே கொழிஞ்சாம்பாறையும், அதுக்கு வடக்கே ஆந்திராவில் நகரியும் இருக்கே!

நகரி சோஷியல்:
நாங்க தயார் சார். எப்படின்னு முழுசா எழுதுங்க. அதுக்குள்ள ரோம் யாராவது சொல்லுங்க.

தேவிகுளம் டீச்சர்:
ரோமுக்கு மிளகு. இங்கே ஷேட் மரத்தில் கொடி படராத லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லை, பிள்ளைகளுக்கு விலை தெரியும்.

ஆறு குழு: மலையில் மிளகு பறிப்பவர், முசிறி (பழைய சேரர் துறைமுகம்) வணிகர், கப்பல்காரர், செங்கடல் துறையிலிருந்து நைல் கரைக் கோப்டோஸ் வரை ஒட்டகம் ஓட்டுபவர், அலெக்சாந்திரியாச் சுங்கம், ரோமில் வாங்குபவர். மிளகுக்குப் பதில் புளியங்கொட்டை, 160. ஒரு கொட்டை ஒரு ரோமானிய ராத்தல், அதாவது சுமார் 327 கிராம். நிஜ மிளகில் ஒரு ராத்தலை மட்டும் நிறுத்து மேஜையில் வையுங்கள், அளவு கண்ணுக்குப் பட வேண்டும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த ரோம் விலை: கருமிளகு ராத்தலுக்கு 4 தெனாரியஸ் (வெள்ளிக்காசு), வெண்மிளகு 7, திப்பிலி 15. பொன் நாணயமான ஆரியஸ் ஒன்றுக்கு 25 தெனாரியஸ். பிளினி காலத்து ஆரியஸ் 7.3 கிராம் அளவு, நம் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஆரியஸுக்கு எத்தனை ராத்தல் கருமிளகு என்று பிள்ளைகளே வகுக்கட்டும். ஆறே கால், அதாவது ஏறக்குறைய 2 கிலோ. இன்றைக்கு ஒரு பவுனுக்கு எத்தனை கிலோ மிளகு வரும் என்று அடுத்த கேள்வி. வீட்டில் மிளகு விற்கும் பிள்ளை முகத்தைப் பாருங்கள்.

பேரத்தைச் சும்மா விட்டால் வகுப்பு சந்தையாகிவிடும், ரோம் குழு மலிவாக அள்ளிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு குழுவுக்கும் செலவுச் சீட்டு கொடுங்கள்: கூலி, கப்பல் வாடகை, ஒட்டகத் தீவனம். அந்தத் தொகைகள் நாம் வைத்தவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டே இரண்டு எண் மட்டும் நிஜம்: பிளினியின் விலை, அலெக்சாந்திரியாவில் வாங்கிய 25 சதவீதச் சுங்கம். 160 கொட்டையில் சுங்கம் 40-ஐப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். மிச்சம் 120, ரோமில் 480 தெனாரியஸ்.

காற்றுச் சீட்டும் வேண்டும். எகிப்திலிருந்து கோடையில் கிளம்பித் தென்மேற்குக் காற்றில் வருவார்கள். செங்கடல் வாயிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்கிறார் பிளினி. திரும்புவது டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றில்தான். நடுவில் தாமதித்த குழு அடுத்த காற்று வரைக்கும் முசிறியிலேயே உட்கார வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) என்றால் குடை என்று மட்டும் நினைத்த பிள்ளைக்கு அது ஒரு கப்பல் டைம்டேபிள் என்று புரியும். இரண்டு பீரியட் கட்டாயம் வேண்டும். ஒன்றில் முடிக்கப் பார்த்தால் சுங்கத்தோடு நின்றுவிடும்.

குப்பம் பாலாறு:
இதே மாதிரி அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தையும் நடிச்சுக் காட்டலாமா அக்கா? பெஞ்சுகளை நெருக்கிப் போட்டுக் கப்பல் அடித்தளம் மாதிரி உட்கார வச்சா, கஷ்டம் புரியும்னு ஒரு யோசனை.

தேவிகுளம் டீச்சர்:
வேண்டாம் தம்பி. 40 நிமிஷம் நெருக்கி உட்கார்ந்த பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் புரியாது, பக்கத்துப் பையனைக் கிள்ளுகிற சந்தர்ப்பம்தான் கிடைக்கும். யார் “அடிமை”, யார் “எஜமான்” என்று பிரிக்கும்போது வகுப்பில் ஏற்கெனவே இருக்கிற ஜாதி, நிறம் எல்லாம் மேலே வரும். மிளகுக்கு நடிப்பு பொருந்தும், அங்கே எல்லாரும் வணிகர். மனிதரையே சரக்காக்கினதை விளையாட்டாக்கக் கூடாது.

அதற்குப் பதில் வரைபடமும் நூலும். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். ஒரு லட்சத்துக்கு ஒரு செ.மீ. நூல் வெட்டச் சொல்லுங்கள். 125 செ.மீ. ஒன்று, 107 செ.மீ. ஒன்று. இரண்டையும் ஒரு முனையில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் வித்தியாசம் 18 செ.மீ. அதன் கீழே யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை.

தோட்டப் பிள்ளைகளுக்கு அடுத்த பாடம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம், அதன் பிறகு ஒப்பந்தக் கூலி, கங்காணி முறை (முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து வேலை வாங்குவது). இதற்குக் கணக்கு நோட்டு போதும். முன்பணம் இவ்வளவு, மாதக் கூலி இவ்வளவு, கடைப் பற்று இவ்வளவு என்று கற்பனை எண்கள் கொடுத்து 12 மாதம் பேரேடு எழுதச் சொல்லுங்கள். பற்று கூலியைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தாலே கடன் தீராது. எந்த மாதம் ஊருக்குத் திரும்ப முடியும் என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் விசாரித்துக்கொண்டு வா என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். சில வீடுகளில் அதைப் பேச மாட்டார்கள்.

குப்பம் பாலாறு:
சரிக்கா, நூல் யோசனையை எடுத்துக்கிறேன். அச்சுக்கு நான் ஒண்ணு சொல்றேன், இது எங்க பக்கம் நல்லா நடக்குது.

ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை 2 செ.மீ. சதுரமா வெட்டிக்கணும். பழைய செருப்பு வேண்டாம், குதிகால் பக்கம் தேய்ஞ்சிருக்கும். உயரம் ஒரு மி.மீ. குறைஞ்ச எழுத்து தாளில் விழவே விழாது. வெட்டுறதும் செதுக்குறதும் பிளேடு வேலை, அதை டீச்சரே முடிக்கணும். எழுத்தை பட்டர் பேப்பரில் கறுப்பா பென்சிலால் எழுதி, கவிழ்த்து ரப்பர் மேல் தேய்ச்சா தானே கண்ணாடி எழுத்தா விழும். போஸ்டர் கலரை மைதாப் பசையோட கெட்டியாக் குழைச்சு, ஸ்பாஞ்சில் தடவி ஒத்தணும். தண்ணியா இருந்தா எழுத்தின் வயிறு அடைஞ்சு போகும்.

குழு ஒண்ணு “மலை”ன்னு ஒரே கட்டையா வச்சுக்கட்டும். குழு ரெண்டுக்கு ம, ல, ப, ச, துணைக்கால், ஐகாரக் குறி தனித்தனியா. மலை அடிச்சு முடிச்சதும் “மாலை”, “பாலை”, “சாலை”ன்னு கேளுங்க. முதல் குழு மறுபடி செதுக்க உட்காரணும். ரெண்டாவது குழு அடுக்கி மாத்திடும். அடுக்குறது வலமிருந்து இடம். ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னாடி வருமா பின்னாடி வருமான்னு அங்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும், நடக்கட்டும்.

சீனாவில் பி ஷெங் 1040-களில் சுட்ட மண்ணில் தனி எழுத்து செஞ்சார். கொரியாவில் 1377-இல் உலோக எழுத்தில் அச்சான புத்தகம் இன்னைக்கும் இருக்கு. குட்டன்பர்க் பைபிள் 1455 வாக்கில். நம்ம மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578, கொல்லத்தில். கேரளத்துப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாம விட்டா எப்படி?

நகரி சோஷியல்:
பி ஷெங் வழியிலேயே மண்ணில் எழுத்து செய்யலாமான்னு யாராவது கேப்பாங்க. செய்யலாம், ஆனா காயும்போது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சுருங்கும், உயரம் ஒத்து வராது. செருப்பே நல்லது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
கணக்கு சாருக்காகக் காத்திருக்கிறேன். நிழல் வேலைக்கு எச்.எம். சம்மதித்துவிட்டார், தேதிதான் கேட்கிறார்.

புளியரை கணக்கு:
எழுதுறேன். ஒரு மீட்டர் ஜி.ஐ. பைப் அல்லது நேரான கழி. தூக்குக்குண்டு வச்சு ரெண்டு பக்கமும் செங்குத்து பார்க்கணும். ஒரு டிகிரி சாய்ஞ்சா நிழலில் 1.7 செ.மீ. போச்சு. தரை சமமான்னு ரசமட்டத்தில் பாருங்க. ஸ்கூல் முற்றம் தண்ணி ஓடுறதுக்காகச் சரிவாத்தான் போட்டிருப்பாங்க, அதனால ஒரு பலகையை மட்டம் பிடிச்சு அதில் சார்ட் ஒட்டிடுங்க.

நிழலின் முனை மங்கலா இருக்கும். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலம். அதனால ஒரு மீட்டர் கழிக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. மங்கல் வரும். கழி உச்சியில் 5 மி.மீ. ஓட்டை உள்ள வாஷரைப் படுக்கையா ஒட்டி, ஓட்டையின் வெளிச்சப் பொட்டின் நடுவைக் குறிங்க. தரையிலிருந்து ஓட்டைக்குள்ள உயரம்தான் இனி கழி நீளம்.

12 மணிக்கு ஓடிப்போய் அளக்காதீங்க. அவரவர் ஊர் உச்சிப்பொழுதுதான் கணக்கு. செப்டம்பர் 22, 23-இல் நகரிக்கு 12.04, கொழிஞ்சாம்பாறைக்கு 12.15. முன்னும் பின்னும் பத்து நிமிஷம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பொட்டு வச்சு, இருக்கறதிலேயே குட்டை நிழலை எடுக்கணும். அன்னைக்கு மீட்டர் கழிக்கு மாஷ் பக்கம் 19 செ.மீ., நகரியில் 23.7 செ.மீ. அளவில் வரணும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிடாதீங்க, சொன்னா எல்லாரும் 19-தான் எழுதுவாங்க.

கோணத்துக்கு டிரிகனாமெட்ரி வேண்டாம். 1:10 அளவில் முக்கோணம் வரைஞ்சு பாகைமானியில் அளந்தா அரை டிகிரி பிழை வரும், அது நமக்கு அதிகம். தரையில் முழு அளவிலேயே நூல் கட்டிப் பெரிய அட்டைப் பாகைமானியில் அளங்க, இல்லாட்டி டான் (tan) அட்டவணையை நாமே கொடுத்திடலாம். வித்தியாசம் 2.6 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே.

தூரம் ரோட்டு தூரம் இல்லை. நேர்க்கோட்டுத் தூரமும் இல்லை. மேப்பில் வடக்கு தெற்கா மட்டும் எடுக்கணும், சுமார் 287 கி.மீ. 360-ஐக் கோண வித்தியாசத்தால் வகுத்து, இந்தத் தூரத்தால் பெருக்கினா பூமியின் சுற்றளவு. எரட்டோஸ்தனிஸுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, சையீன் அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கில் இல்லை. அரை செ.மீ. தப்பா அளந்தா விடை 36,000-லிருந்து 45,000 கி.மீ. வரை எங்கே வேணும்னாலும் போகும். 40,000-க்குக் கிட்ட வரலைன்னா திருத்தி எழுத விடாதீங்க, எந்த அளவில் பிழைன்னு தேடச் சொல்லுங்க.

நாள் விஷயம்: செப்டம்பர் 22-தான்னு கட்டாயமில்லை. ஒரே நாளில் ரெண்டு ஊரிலும் அளந்தா போதும், கோண வித்தியாசம் மாறாது. ஏப்ரல் 18-லிருந்து 25 வரைக்கும், ஆகஸ்ட் 17-லிருந்து 25 வரைக்கும் மட்டும் சூரியன் உங்க ரெண்டு ஊருக்கும் நடுவில் நிக்கும். நகரி நிழல் வடக்கே, கொழிஞ்சாம்பாறை நிழல் தெற்கே. அப்ப கழிக்கக் கூடாது, கூட்டணும்.

நகரி சோஷியல்:
எங்களுக்கு அக்டோபர் வந்தா மேகம்தான் சார். செப்டம்பர் 22 தவறிப்போனா?

புளியரை கணக்கு:
ஜனவரி 21-ஐ மாற்று நாளா வச்சுக்குங்க, ரெண்டு பக்கமும் வானம் தெளிவா இருக்கும். உச்சி நகரிக்கு 12.23, மாஷுக்கு 12.34. நிழல் 60 செ.மீ.க்கு மேலே கீழே இருக்கும், சார்ட் ரெண்டை நீளவாக்கில் ஒட்டணும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
22-ஆம் தேதி எங்களுக்கு நாலாவது பீரியட் 12.15-க்கு முன்னாடியே முடியுது, சாப்பாட்டு மணிக்குள் வரும். நகரி சாருக்கு நான் 11.50-க்குக் கூப்பிடுகிறேன். வாஷரை எதனால் ஒட்டுவது, எம்-சீலா?

புளியரை கணக்கு:
எம்-சீல் சரி, முந்தின நாளே ஒட்டிடுங்க. மண்ணில் ஊன்றாம, பெயிண்ட் டப்பாவில் ஈர மணல் நிரப்பி அதில் நிறுத்துங்க, காத்துக்கு ஆடாது.